மின்பாதுகாப்பு விதியை மாற்ற எந்தக் கதவைத் தட்டுவது?

புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் ஆர்சிசிபி பொருத்தியே ஆக வேண்டும் என்ற விதி சிங்கப்பூரில் 1985 ஜூலை 1 முதல் இருக்கிறது. மின்சாரம் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும் கருவி அது. அதற்கு முன் கட்டிய வீடுகளுக்கு அந்தக் கட்டாயம் 2023 ஜூலை 1ஆம் தேதிதான் வந்தது. பொருத்தி முடிக்க 2025 ஜூலை 1 வரை அவகாசமும் கொடுக்கப்பட்டது. நடுவே 38 ஆண்டுகள் ஓடிவிட்டன. இத்தனை காலமும் குவீன்ஸ்டவுனிலோ தோ பாயோவிலோ பழைய அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தவர், தாமாக முன்வந்து அந்தக் கருவியைப் பொருத்திக்கொள்ளாதவரை, அடுத்த பேட்டையில் புது வீடு வாங்கியவரைவிடக் குறைந்த பாதுகாப்போடுதான் வெந்நீர் சாதனத்தின் சுவிட்சைத் தட்டியிருக்கிறார்.

கருவி நல்லதா என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. எந்தக் கருவி, எவ்வளவு கசிவில் துண்டிக்க வேண்டும், எங்கே பொருத்த வேண்டும் என்ற தொழில்நுட்ப விதிகள் எல்லாம் தயாராகவே இருந்தன. அவை யாரைக் கட்டுப்படுத்தும் என்பதில்தான் ஓட்டை இருந்தது. பொறியியல் குழு ஒன்று தர ஆவணத்தை எத்தனை முறை திருத்தியிருந்தாலும் அந்த ஓட்டை அடைபட்டிருக்காது. சட்ட விதி மாற வேண்டியிருந்தது, மாறியது.

மின்பாதுகாப்பில் ஏதோ ஒன்று சரியில்லை, அது மாற வேண்டும் என்று நினைக்கும் சாதாரண மனிதருக்கு இந்த ஊரில் வழிகள் பல உண்டு. பொறியாளர் பட்டமோ உரிமமோ கேட்காத வழிகள் அவை. ஆனால் பொருத்தமில்லாத இடத்துக்குப் போய்ச் சேரும் நல்ல யோசனை, கருத்துக்கு நன்றி என்ற ஒரு வரிப் பதிலோடு முடிந்துபோகும். ஆகவே எழுதத் தொடங்குமுன் ஒரு கேள்வி: நீங்கள் மாற்ற விரும்புவது ‘எப்படிச் செய்ய வேண்டும்’ என்பதையா, ‘யார் செய்தே ஆக வேண்டும்’ என்பதையா? இதற்கான விடைதான் வழியைத் தீர்மானிக்கிறது.

விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது

வீடு, கடை, அலுவலகம் எதுவானாலும் உள்ளே வயரிங் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஆவணம் எஸ்எஸ் 638 என்ற சிங்கப்பூர்த் தரம். 1998ஆம் ஆண்டின் சிபி 5 என்ற நடைமுறைத் தொகுப்புக்குப் பதிலாக 2018இல் வெளியானது. பிரிட்டனின் வயரிங் தரமான பிஎஸ் 7671ஐ ஒட்டியும், அதன் வழியாக அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரங்களை ஒட்டியும் அமைந்தது. கட்டுமானத் தளங்களின் தற்காலிக மின் இணைப்புகளுக்கு எஸ்எஸ் 650 இருக்கிறது. அதன் இரண்டாம் பகுதி விழாக்கால விளக்குகளுக்கும் சந்தைகளுக்கும் கண்காட்சிகளுக்கும் உரியது. தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் வளைவுகள் ஒளிரும்போது அந்த விளக்குகளுக்குப் பின்னால் இருப்பது இந்த ஆவணம்தான் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். எர்த் இணைப்புக்கு எஸ்எஸ் 551, மின்னல் பாதுகாப்புக்கு எஸ்எஸ் 555 என்று பட்டியல் நீளும். இவற்றை உருவாக்கும் பொறுப்பு எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் அமைப்பின்கீழ் இயங்கும் சிங்கப்பூர்த் தர மன்றத்துக்கு உரியது.

இந்த ஆவணங்கள் தாமாகவே யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. மின்சாரச் சட்டமும் அதன்கீழ் வரும் விதிமுறைகளும் ஓர் ஆவணத்தைக் குறிப்பிட்டு, இதன்படி செய்யுங்கள் என்று சொல்லும்போதுதான் அதற்குப் பல் முளைக்கிறது. அந்த விதிமுறைகள் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் கையில் இருக்கின்றன. வீட்டில் வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும் என்பதும் அங்கிருந்து வருவதே.

கடையில் வாங்கும் பொருள் இன்னொரு தனித்தடம். சோறு ஆக்கும் குக்கர், மேசை விசிறி, இஸ்திரிப் பெட்டி, அடாப்டர், அலங்காரத் தொடர்விளக்கு உள்ளிட்ட 33 வகைப் பொருள்கள் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள். பதிவு பெற்று, பாதுகாப்பு முத்திரை ஒட்டிய பிறகே விற்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்வது பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு அலுவலகம். தீப்பிடிப்பது தொடர்பான கட்டட விதிகள் குடிமைத் தற்காப்புப் படையிடமும், மின்சைக்கிள், மின்வாகன மின்னேற்றம் ஆகியவை நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் இருக்கின்றன.

வரைவின் மீது கருத்து சொல்வது

என்னைக் கேட்டால், தொழில்நுட்ப விஷயத்தில் ஒரு தனி மனிதரின் சொல்லுக்கு மிக அதிக எடை கிடைக்கும் இடம் இதுவே. இதை அறிந்தவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம். ஒரு தரம் புதிதாக எழுதப்படும்போதோ திருத்தப்படும்போதோ அதன் வரைவு பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்படுகிறது. உலக வர்த்தக அமைப்பின் நன்னடத்தைக் கோட்பாட்டின்படி கருத்து சொல்லக் குறைந்தது 60 நாள் தர வேண்டும். பாதுகாப்பு, உடல்நலம், சுற்றுச்சூழல் தொடர்பான அவசரச் சிக்கல் என்றால் மட்டும் குறைக்கலாம். வெளிவந்த தரத்தைப் பொதுவாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வரைவை அந்தக் கால அவகாசத்துக்குள் இலவசமாகவே பார்க்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவாவது வரைவு அறிவிப்புகள் மீது கண் வைத்திருப்பது நல்லது.

கருத்துப் படிவம் பார்ப்பதற்குச் சாதாரண அட்டவணை. முதல் கட்டத்தில் பிரிவு எண். அடுத்ததில் உங்கள் கருத்து எந்த வகை: பொதுவானதா, தொழில்நுட்பமா, சொல் திருத்தமா. மூன்றாவதில் குறை என்ன என்ற விளக்கம். நான்காவதில்தான் விஷயம் இருக்கிறது: அந்த இடத்தில் எந்த வாக்கியம் வர வேண்டும் என்று நீங்களே எழுதித் தர வேண்டும். பெரும்பாலோர் மூன்றாவது கட்டத்தை ஒரு பக்கத்துக்கு நிரப்பிவிட்டு நான்காவதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். குழுவின் மேசையில் நூறு கருத்துகள் கிடக்கும்போது, மாற்று வாக்கியம் இல்லாத கருத்தை வைத்துக்கொண்டு உறுப்பினர்கள் என்ன செய்வார்கள்? அனுதாபத்தோடு படித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. திருவிழா விளக்குகளைப் பற்றிய ஆவணம் திருத்தத்துக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோயில் தொண்டூழியர் ஒருவர், மழைக்காலத்தில் விளக்குகள் ஆபத்தானவை, கவனம் தேவை என்று எழுதினால் அது எங்கும் ஒட்டாது. அவரே இப்படி எழுதலாம்: தற்காலிக விளக்குச் சரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பிளக்கும் சாக்கெட்டும் தரையிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கக்கூடாது, ஏனெனில் தீபாவளியை ஒட்டி இடியுடன் கூடிய மழை அடிக்கடி பெய்கிறது, பந்தல்கால் அருகே நீர் தேங்குகிறது, பக்தர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். உயரத்துக்கு ஓர் எண்ணும், மழைநாளில் எடுத்த படங்களும் கூடச் சேர்ந்தால் குழு அதைத் தள்ளிவிட முடியாது. ஏற்க வேண்டும், அல்லது மறுப்பதற்குக் காரணம் யோசிக்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கும் கூட்டம் என்ற தகவல் ஐரோப்பாவிலிருந்து வரும் மூல ஆவணத்தில் இருக்காது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நமது தரங்கள் அனைத்துலகத் தரங்களை ஒட்டியவை என்பதால், அவற்றிலிருந்து விலகச் சொல்லும் முன்மொழிவுக்கு வலுவான காரணம் வேண்டும். விலகலாம் என்று உலக வர்த்தக அமைப்பின் விதிகளே ஏற்கும் காரணங்களுள் தட்பவெப்பமும் புவியியலும் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் ஈரப்பதம், உலகிலேயே மின்னல் அதிகமாக அடிக்கும் இடங்களுள் ஒன்று என்ற நிலை, அடுக்குமாடி வாழ்க்கை: இவற்றோடு உங்கள் கோரிக்கையைப் பொருத்திக் காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த வழியின் குறை வெளிப்படையானது. நேரம் உங்கள் கையில் இல்லை. வரைவு வெளியாகாதபோது கருத்து சொல்ல எதுவும் இல்லை. ஆவணமும் படிவமும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கிலம் சரளமாக வராதவர் பிள்ளைகளையோ நண்பரையோ உட்கார வைத்து எழுத வேண்டியிருக்கும். பிரிவு எண்ணும் மாற்று வாக்கியமும் தெளிவாக இருந்தால் மொழிநடை பொருட்டல்ல.

திருத்தம் வேண்டும் என்று நீங்களே தொடங்குவது

வரைவுக்காகக் காத்திராமல், இந்தத் தரத்தைத் திருத்துங்கள் அல்லது புதிதாக ஒன்றை உருவாக்குங்கள் என்று தர மன்றத்திடம் நேரடியாக முன்மொழியவும் முடியும். நிறுவனமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தேவை என்ன, யாருக்குப் பயன், ஏற்கெனவே அனைத்துலகத் தரம் இருக்கிறதா, யாரெல்லாம் பாதிக்கப்படுவார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். மின், மின்னணுத் தரக் குழு அதைப் பரிசீலிக்கும். ஏற்றால் பணிக்குழு அமையும், அதன் பிறகுதான் வரைவு.

பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஏற்ற வழி அல்ல. சிபி 5இன் 1998 பதிப்புக்குப் பதிலாக எஸ்எஸ் 638 வர 20 ஆண்டுகள் ஆயின என்பதை முன்பே பார்த்தோம். தரங்கள் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறுபரிசீலனைக்கு வருகின்றன. அந்தப் பருவம் நெருங்கும்போது கொடுக்கும் முன்மொழிவு நடுவழியில் கொடுப்பதைவிட எளிதில் நகரும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

சற்று விரைவாக மாறக்கூடிய ஆவண வகை ஒன்றும் உண்டு. தொழில்நுட்பம் இன்னும் நிலைபெறாத துறைகளில் முழுத் தரம் எழுதாமல் ‘தொழில்நுட்பக் குறிப்பு’ என்று தற்காலிக ஆவணம் வெளியிடுவார்கள். மின்வாகன மின்னேற்றத்துக்கான டிஆர் 25 அப்படிப்பட்டது. 2016இல் ஒரு பதிப்பு, 2022இல் அடுத்த பதிப்பு. அதோடு மின்வாகன மின்னேற்றச் சட்டம் 2022இல் நிறைவேறி, 2023 டிசம்பர் 8இல் நடப்புக்கு வந்தது. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மின்னேற்றக் கருவி பொருத்துவதில் உங்களுக்குக் கவலை இருந்தால், இன்னும் இறுகாத இந்த ஆவணத்தில் கருத்து சொல்வது, பழுத்துப்போன தரம் ஒன்றோடு மல்லுக்கட்டுவதைவிடப் பயன் தரும்.

ஒழுங்குமுறை அமைப்பிடம் போவது

‘யார் செய்தே ஆக வேண்டும்’ என்ற கேள்விக்கு விடை இங்கேதான். ஆர்சிசிபி கதையின் சாரமும் இதுவே. ஏன் அந்தக் கருவிக்கு இத்தனை அழுத்தம் என்று சிலர் கேட்கிறார்கள். பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் பெரும்பாலும் 13 ஆம்பியருக்கு உரியது, அதாவது 13,000 மில்லிஆம்பியர். மனித உயிரைப் பறிக்கச் சில பத்து மில்லிஆம்பியர் போதும். ஃபியூஸும் சாதாரண சர்க்கியூட் பிரேக்கரும் வயரைக் காப்பாற்றுகின்றன. மனிதரைக் காப்பாற்றுவது 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி. போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமா என்று அது விடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் வந்தால், அந்த மின்சாரம் யாரோ ஒருவர் உடல் வழியே தரைக்குப் போகிறது என்று கொண்டு துண்டித்துவிடுகிறது. இவ்வளவு தெளிவான பயன் இருந்தும், ஒரு குடும்பம் தன் வீட்டில் அதைப் பொருத்த வேண்டும் என்று சட்டம் சொல்லும்வரை பல வீடுகளில் பொருத்தப்படவில்லை.

வேகத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டு தனிநபர் நடமாட்டச் சாதனங்கள். மின்ஸ்கூட்டர்கள் மின்னேற்றும்போது தீப்பிடித்த சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக்கில் ஓர் உயிர் போனது. யுஎல் 2272 என்ற அமெரிக்கத் தரத்தைப் பூர்த்தி செய்யாத சாதனங்களுக்கு 2021 ஜனவரி 1 என்று முதலில் விதித்திருந்த கெடு, 2020 ஜூலை 1க்கு முன்தள்ளப்பட்டது. புதிய சிங்கப்பூர்த் தரம் எழுதப்படும்வரை யாரும் காத்திருக்கவில்லை. இருக்கும் அயல்நாட்டுத் தரத்தைச் சட்டம் கையில் எடுத்துக்கொண்டது. ஆபத்து கண்முன்னே நிற்கும்போது ஒழுங்குமுறை வழிக்கு இந்த வேகம் உண்டு.

நம் சமையலறைகளுக்கு வருவோம். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ மிக்சியையும் கிரைண்டரையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது தமிழ்க் குடும்பங்களில் வழக்கம். உளுந்து அரைக்க ஊர் மிக்சிதான் சரிப்படும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. இந்தியாவின் உருண்டைக் கம்பி பிளக்கில் ஃபியூஸ் கிடையாது. இங்குள்ள பிளக்கில் ஃபியூஸ் இருப்பதற்குக் காரணம், சுவருக்குள் ஓடும் வயருக்காக அமைத்த பிரேக்கர், மிக்சியின் மெல்லிய வயருக்கு மிகப் பெரியது. நடுவில் மலிவான ஓர் அடாப்டரைச் செருகினால் அந்த மெல்லிய வயருக்குக் காவல் போய்விடுகிறது. அந்த அடாப்டர் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களில் ஒன்று. பாதுகாப்பு முத்திரை இல்லாமல் அதை விற்பது குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே இது விதி மாற வேண்டிய விஷயமே அல்ல, இருக்கும் விதியை நடைமுறைப்படுத்த வேண்டிய விஷயம். முத்திரையில்லா அடாப்டர் கடையிலோ இணையத்திலோ விற்கப்படுவதைக் கண்டால், பொருள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் படத்தோடு தெரிவித்தால் போதும்.

மாற்றக் கோரிக்கை என்று வரும் பலவற்றை அலசிப் பார்த்தால் அவை இப்படிப்பட்டவைதான். விதி இருக்கிறது, யாரோ பின்பற்றவில்லை. அதற்காகத் தர மன்றத்துக்கு எழுதி ஓராண்டு காத்திருப்பது வீண். மாறாக, 33 வகைகளுக்குள் வராத ஒரு மின்பொருள் பல வீடுகளில் ஆபத்து விளைவிக்கிறது என்றால், அதைப் பட்டியலில் சேர்க்கக் கேட்பது நியாயமான விதி மாற்றக் கோரிக்கை. அப்போதும் உங்கள் கையில் உள்ள வலுவான ஆயுதம் ஏற்கெனவே செய்யப்பட்ட புகார்களே. புகார்ப் பதிவு இல்லாத ஆபத்தை அதிகாரிகள் அளந்து பார்க்க முடியாது.

விதிமுறைகளை மாற்றுமுன் அமைப்புகள் கலந்தாலோசனை ஆவணம் வெளியிடுவது உண்டு. எரிசக்திச் சந்தை ஆணையமும் வெளியிடுகிறது. அரசாங்கத்தின் கருத்துச் சேகரிப்புப் பிரிவான ரீச்சிலும் அறிவிப்புகள் வரும். வரைவுத் தரத்தைப் போலன்றி இங்கே கொள்கை பற்றிப் பேசலாம்: செலவை யார் ஏற்பது, முதியோருக்கு எவ்வளவு அவகாசம், வாடகை வீட்டில் பொறுப்பு யாருடையது. சாதாரணக் குடும்பத்தின் அனுபவத்துக்கு இங்கே நேரடி மதிப்பு உண்டு.

நாடாளுமன்ற உறுப்பினர் வழி

மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போவது நம்மவர்களுக்குப் பழகிய வழி. புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசை எண் வாங்கி உட்கார்ந்தால், தொண்டூழியர் ஒருவர் விவரம் கேட்டுக் கடிதம் தயாரிப்பார். தமிழில் பேச ஆள் கிடைப்பார் என்பது பெரிய ஆறுதல். ஆனால் இந்த மேசைக்குப் பொருத்தமானது தனிப்பட்ட சிக்கல். என் வீட்டுக் கூரையில் நீர் ஒழுகி விளக்கில் இறங்குகிறது என்றால் கடிதம் போகும், பதில் வரும். தேசிய விதியை மாற்றுங்கள் என்று கேட்டாலும் கடிதம் போகும், ஆனால் அந்தக் கடிதம் பெரும்பாலும் நீங்களே நேரடியாக எழுதியிருக்கக்கூடிய அதே அமைப்பிடம்தான் போய்ச் சேரும்.

உறுப்பினரிடம் உண்மையில் கேட்க வேண்டியது நாடாளுமன்றக் கேள்வி. எரிசக்திச் சந்தை ஆணையம், எண்டர்பிரைஸ் சிங்கப்பூர், பொருள் பாதுகாப்பு அலுவலகம் மூன்றுமே வர்த்தக, தொழில் அமைச்சின்கீழ் வருகின்றன. ஆகவே வயரிங் விதியானாலும் பொருள் முத்திரையானாலும் ஒரே அமைச்சு பதில் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் எத்தனை இன்னும் ஆர்சிசிபி இல்லாமல் இருக்கின்றன, முதியோருக்கு என்ன உதவி என்று கேட்டால், எண்ணோடு பொதுவில் பதில் கிடைக்கும். அந்தப் பதில், பிறகு நீங்கள் எழுதும் எந்த முன்மொழிவுக்கும் சான்றாகும். நியமன நாடாளுமன்ற உறுப்பினர்களையும் மறக்க வேண்டாம். தொகுதிச் சுமை இல்லாத அவர்கள் இப்படிப்பட்ட துறை சார்ந்த கேள்விகளை எடுப்பதுண்டு.

நாடாளுமன்றத்துக்கு மனு கொடுக்கும் முறையும் இருக்கிறது. உறுப்பினர் ஒருவர் வழியாகத்தான் சமர்ப்பிக்க முடியும். பொது மனுக்கள் குழு அதைப் பார்க்கும். அரிதாகப் பயன்படுத்தப்படும் வழி. மின்பாதுகாப்புக்காக இதை முதல் படியாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சங்கத்தின் தோளில் ஏறுவது

தரக் குழுக்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அமைப்புகளின் பிரதிநிதிகள். சிங்கப்பூர்ப் பொறியாளர் கழகம், மின் ஒப்பந்தக்காரர்கள் மற்றும் உரிமம் பெற்ற மின்பணியாளர்கள் சங்கம், பல்கலைக்கழகங்கள், அரசு அமைப்புகள் ஆகியவற்றிலிருந்து வருகிறார்கள். வெளியிலிருந்து கடிதம் எழுதுவதைவிட, உள்ளே பேசும் ஒருவர் வாயால் உங்கள் கருத்து வருவது பல மடங்கு வலு. உரிமம் பெற்ற மின்பணியாளராக இருக்கும் தமிழர்கள் இங்கே கணிசம். வேலைத்தளத்தில் தினமும் பார்க்கும் குறைகளைத் தேநீர் நேரத்தில் பேசிவிட்டு விடுவதைவிட, சங்கக் கூட்டத்தில் எழுதிக் கொடுக்கலாமே என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வயரிங் தெரியாதவருக்கும் இந்த வழி மூடியதல்ல. பொருள் சார்ந்த பிரச்சினைக்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவருக்கு, தீபாவளி ஒளியூட்டை ஆண்டுதோறும் ஏற்பாடு செய்யும் லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கம் இருக்கிறது. விழா விளக்குகளைப் பற்றி ஒரு கடைக்காரர் தனியாகச் சொல்வதும், பல ஆண்டு ஒளியூட்டு அனுபவம் உள்ள அமைப்பு சொல்வதும் ஒன்றாகாது. சங்க வழியில் உங்கள் கோரிக்கை உறுப்பினர்களின் வணிக நலன்களோடு மோதினால் மழுங்கிப்போகும் என்ற அபாயமும் உண்டு. செலவைக் கூட்டும் பாதுகாப்பு யோசனையை ஒப்பந்தக்காரர்கள் அமைப்பு ஆர்வத்தோடு சுமக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். அப்போது சங்கத்துக்கும் சொல்லுங்கள், வரைவுக்கும் தனியாகக் கருத்து அனுப்புங்கள்.

எல்லை தாண்டிய வழிகள்

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. அதைத் திருத்த உலகில் யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். வந்த ஒவ்வொரு முன்மொழிவுக்கும் குழு பதில் எழுதியாக வேண்டும். அந்தப் பதில் பொதுவில் கிடைக்கும். விதித்தொகுப்பையே இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நம் ஊர் முறை இதிலிருந்து கற்க வேண்டியது இருக்கிறது, குறிப்பாகத் தரங்களை மக்கள் இலவசமாகப் படிக்க விடுவதில். உயிர் சம்பந்தப்பட்ட விதியைப் படிக்கப் பணம் கட்ட வேண்டியிருப்பது எனக்கு எப்போதுமே உறுத்தலாக இருக்கிறது. ஆனால் அமெரிக்கத் தொகுப்பு இங்கே செல்லாது. ஆகவே நம் வீட்டு வயரிங் மாற அங்கே எழுதிப் பயனில்லை. பிரிட்டனின் பிஎஸ் 7671 வரைவும் பொதுமக்கள் கருத்துக்கு வருவது உண்டு. நமது எஸ்எஸ் 638இன் வேர் அங்கே இருப்பதால், ஆழமாக இறங்க விரும்பும் பொறியாளருக்கு அது பயன் தரக்கூடும். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

யாருக்கு எது

பழைய வீட்டில் இருக்கும் பெற்றோரைப் பற்றிக் கவலைப்படுபவர் விதி மாறக் காத்திருக்கத் தேவையில்லை, விதி மாறிவிட்டது. மின்பெட்டியைத் திறந்து, சோதனைப் பொத்தான் உள்ள சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண சர்க்கியூட் பிரேக்கரில் அந்தப் பொத்தான் இருக்காது. பொத்தான் இருந்தால் மாதம் ஒரு முறை அழுத்துங்கள், சுவிட்ச் விழ வேண்டும். இல்லாவிட்டால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். முதியோருக்குச் செலவு சுமையாக இருக்கிறது என்பது உங்கள் குறை என்றால், அது கலந்தாலோசனைக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் உரிய விஷயம். தரக் குழுவுக்கு அதில் வேலை இல்லை.

கோயில், சங்கம், விழாக் குழு ஆகியவற்றில் விளக்குப் பொறுப்பை ஏற்றிருப்பவருக்கு வரைவுக் கருத்தே முதல் வழி. அடுத்த திருத்தம் வரும்வரை மழைநாள் படங்களையும், எங்கே எப்போது ட்ரிப் ஆனது என்ற குறிப்புகளையும் சேர்த்து வையுங்கள். வேலை செய்த மின்பணியாளரிடம் அவருடைய கருத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்னேற்றும் சாதனம், பேட்டரி, அடாப்டர் ஆகியவற்றைப் பற்றிய கவலை என்றால், முதலில் அந்தப் பொருள் இப்போதே கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புகார். இல்லாவிட்டால் உரிய ஒழுங்குமுறை அமைப்புக்குக் கோரிக்கை, கூடவே நாடாளுமன்றக் கேள்விக்கு முயற்சி. தரத்தை எழுதும் வழி இதற்குக் கடைசி.

கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் நம் ஊழியர்களின் நிலை வேறு. தண்ணீரில் கிடக்கும் நீட்டிப்பு வயர், தோல் உரிந்த கேபிள், மூடி இல்லாத விநியோகப் பெட்டி: இவற்றை அன்றாடம் பார்ப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய பிரச்சினையும் பெரும்பாலும் எஸ்எஸ் 650 போதாமல் இருப்பதால் வருவதல்ல, தளத்தில் அது பின்பற்றப்படாததால் வருவது. மனிதவள அமைச்சின் ஸ்னாப்சேஃப் சேவை வழியே படம் எடுத்து அனுப்பலாம், பெயரை வெளியில் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் உதவியையும் நாடலாம். ஒரே குறை பல தளங்களில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அதுவே தரத்தில் மாற வேண்டிய ஏதோ ஒன்றுக்கு அடையாளம். அதைத் தரக் குழுவுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவர் அந்த ஊழியர் அல்ல. அவரோடு பணிபுரியும் மேற்பார்வையாளரும் பாதுகாப்பு அதிகாரியும்தான். ஆங்கிலப் படிவத்தை நிரப்ப அவர்களுக்கு அரைமணி நேரம் ஆகும். நான்காவது கட்டத்தை மட்டும் அந்த ஊழியரிடம் கேட்டு எழுதுங்கள், வயர் எங்கே தொங்க வேண்டும், பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.